பிள்ளை விழுங்குகிற பற்பசையில் ஈயமா? வன்னியில் நீங்கள் எதைப் பார்த்து வாங்குகிறீர்கள்?

நெடுங்கேணி அம்மா

எல்லோருக்கும் வணக்கம். கனடாவில் இருக்கும் என் அக்கா போன கிழமை ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தார். அமெரிக்காவில் 51 பற்பசைகளைச் சோதித்துப் பார்த்தார்களாம், பத்துக்கு ஒன்பதில் ஈயம் இருந்ததாம். பிள்ளைகளுக்கென்று விற்கிறவற்றிலும் இருந்ததாம். "இனிமேல் சின்னவனுக்கு அதைக் கொடுக்காதே" என்று சொல்லி முடித்துவிட்டார். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

ஏனென்றால் என் சின்னவன் பற்பசையால் பல் தீட்டுவதில்லை, அதைச் சாப்பிடுகிறான். நான்கு வயது. பிரஷை நீட்டினால் முதலில் மேலே இருக்கிற பசையை நாக்கால் வழித்து விழுங்குவான். பிறகு வெறும் பிரஷை வாய்க்குள் நாலு தரம் ஆட்டிவிட்டு ஓடிவிடுவான். ஸ்ரோபெரி வாசம், இனிப்பு, ரியூபில் கரடிப் படம். அவனைக் குறை சொல்லவும் முடியாது. இரண்டு வயதிலிருந்து இதுதான் நடக்கிறது. நானும் வாயைக் கழுவினால் சரி என்று விட்டுவிட்டேன்.

ரியூபை லைற் வெளிச்சத்தில் பிடித்து வாசித்துப் பார்த்தேன். சோபிற்றோல், சிலிக்கா, கிளிசரின், இன்னும் வாயில் நுழையாத பெயர்கள். ஈயம் என்று எங்கும் இல்லை. பட்டியலில் இல்லாத ஒன்று உள்ளே எப்படி வருகிறது? இவ்வளவு நாளில் இவன் வயிற்றுக்குள் எவ்வளவு போயிருக்கும்? நாங்கள் குடிப்பது வீட்டுக் கிணற்றுத் தண்ணீர், அதையும் சொல்லி வைக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பயமுறுத்த வேண்டாம், எதையும் மறைக்கவும் வேண்டாம்.

கனகராயன்குளம் வாத்தியார்

தங்கச்சி, உங்கள் அக்கா சொன்னது பொய்யில்லை. 2025இல் வெளிவந்த செய்தி அது. ஈய நஞ்சு பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசிவரும் ஒரு அமெரிக்கத் தாய், வாசகர்களிடம் காசு சேர்த்து, 51 பற்பசைகளையும் பற்பொடிகளையும் ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார். ஏறத்தாழ 90 வீதத்தில் ஈயம், 65 வீதத்தில் ஆசெனிக்கு, பாதிக்குச் சற்றுக் குறைவானவற்றில் பாதரசம், மூன்றில் ஒன்றில் கட்மியம். அதே சமயம், அந்தக் கருவிகள் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவில்கூடப் பிடித்துவிடும். ஆகவே "இருந்தது" என்ற ஒரு சொல்லை வைத்து முடிவுக்கு வர முடியாது. எவ்வளவு இருந்தது, அதில் எவ்வளவு வயிற்றுக்குள் போகிறது என்பதுதான் கணக்கு.

பட்டியலில் இல்லாதது ஏன் உள்ளே வருகிறது என்றால், யாரும் அதைப் போடுவதில்லை, அது கல்லோடு வருகிறது. பல்லில் படிந்ததைச் சுரண்ட ஒரு நுண்ணிய தூள் வேண்டும். மலிவான வழி சுண்ணாம்புக்கல்லை அரைத்த தூள், அதாவது கல்சியம் காபனேற்று. நிலத்துக்கடியில் கல்சியம் இருக்கிற இடத்தில் ஈயமும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். நல்ல கல்லைத் தேடி எடுத்து, கழுவி, சுத்திகரித்தால் குறையும். அதற்குக் காசு செலவாகும். "இயற்கை" என்று சொல்லிப் பென்ரனைற் களிமண் சேர்க்கிறவை இன்னும் மோசம். அந்தச் சோதனையிலும் சந்தேகம் முதலில் விழுந்தது களிமண், சுண்ணாம்புத் தூள், சிலிக்கா, பல்லின் கனிமம் என்று சொல்லிச் சேர்க்கும் ஐதரொட்சி அபற்றைற் ஆகியவற்றின் மேல்தான்.

இப்போது உங்கள் சின்னவன் கணக்கு. கொப்பி எடுத்து நீங்களும் போட்டுப் பாருங்கள். 1 பி.பி.எம். என்றால் ஒரு கிராம் பசையில் ஒரு மைக்கிரோகிராம். ஒரு பசையில் அரை பி.பி.எம். ஈயம் இருப்பதாக வைப்போம். பட்டாணி அளவு பசை ஏறத்தாழ கால் கிராம். காலையும் இரவும் முழுவதையும் விழுங்கினால் அரைக் கிராம், ஈயம் 0.25 மைக்கிரோகிராம். விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஷ் முழுக்க அலையடித்துப் பிதுக்கினால் ஒரு தடவைக்கு ஒன்றரைக் கிராம் வரும். இரண்டு வேளைக்கு மூன்று கிராம், ஈயம் 1.5 மைக்கிரோகிராம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒரு பிள்ளைக்கு உணவு வழியாக நாள் ஒன்றுக்கு 2.2 மைக்கிரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு கோடு கீறி வைத்திருக்கிறது. சோறு, தண்ணீர், தூள், மண் எல்லாம் சேர்ந்து அந்தக் கோட்டுக்குள் நிற்க வேண்டும். பற்பசை மட்டும் 1.5 எடுத்துக்கொண்டால் மிச்சத்துக்கு இடம் எங்கே?

என்னை உண்மையில் கோபப்படுத்துவது வேறு ஒன்று. பற்பசைக்கான ஐ.எஸ்.ஓ. 11609 என்ற சர்வதேசத் தரம், பார உலோகங்கள் மொத்தமாக ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. அதாவது 20 பி.பி.எம். அந்த எல்லையில் நிற்கிற பசையைப் பட்டாணி அளவில் இரண்டு வேளை விழுங்கினால் பார உலோகம் 10 மைக்கிரோகிராம். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிக்கொண்டிருக்கும்போது இந்த எல்லை மிக மிகத் தளர்வானது. துப்பத் தெரிந்த பெரியவர்களை மனதில் வைத்துப் போட்ட கணக்கு அது, நக்கித் தின்கிற பிள்ளையை வைத்துப் போட்டதல்ல.

மல்லாவித் தம்பி

வாத்தியார் ஐயா, இவ்வளவு கணக்கும் எதற்கு? கம்பனிப் பசையை விட்டுவிட்டு எங்கள் ஆட்கள் பாவித்த உமிக்கரிக்கும் வேப்பங்குச்சிக்கும் திரும்பினால் சரிதானே. ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று சும்மாவா சொன்னார்கள். இன்னொன்று, ரியூபின் அடியில் ஒரு சின்ன நிறக்கட்டம் இருக்கும், பாருங்கள். பச்சை என்றால் இயற்கை, கறுப்பு என்றால் முழுக்க இரசாயனம். என் வீட்டில் கறுப்பு. எஸ்.எல்.எஸ். என்று எழுதியிருந்தாலும் வாங்கக் கூடாதாம், புற்றுநோய் வருமாம். வட்ஸ்அப்பில் தெளிவாகப் போட்டிருந்தார்கள்.

ஓமந்தை அச்சகம்

தம்பி, அந்தக் கட்டம் பற்றி நான் சொல்லலாம். கொழும்புப் பக்கம் பொதியிடும் தொழிற்சாலையில் ஆறு வருடம் நின்றவன். ரியூபுக்கான தாள் நீளச் சுருளாக இயந்திரத்துக்குள் ஓடும். எங்கே வெட்டுவது, எங்கே மடித்து ஒட்டுவது என்று கண்டுபிடிக்க ஒரு ஒளிக்கண் இருக்கும். அந்தக் கண்ணுக்குத் தெரிவதற்காக அச்சடிக்கும் அடையாளம்தான் அது. பின்னணி வெள்ளை என்றால் கறுப்போ நீலமோ போடுவோம், பளிச்சென்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். உள்ளே என்ன நிரப்பப் போகிறார்கள் என்பது எங்களுக்கே தெரியாது.

எஸ்.எல்.எஸ். பற்றியும் ஒன்று. நம் நாட்டு ரியூபில் அந்த மூன்று எழுத்துகள் இரண்டு இடங்களில் வரலாம். வட்டத்துக்குள் இருப்பது இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் தரமுத்திரை. சேர்மானப் பட்டியலில் இருப்பது நுரை வருவதற்காகப் போடுகிற சோடியம் லோரைல் சல்பேற்று. வட்ஸ்அப்பை நம்பி, தரமுத்திரை இருக்கிற ரியூபைத் திருப்பி வைத்துவிட்டு, முத்திரை இல்லாததை வாங்கிப் போகிறவர்களைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

பரந்தன் அப்பம்மா

பேரன் எழுதித் தருகிறான், நான் சொல்லச் சொல்ல.

உமிக்கரியைப் பற்றிக் கதைக்கிற தம்பிக்குச் சொல்கிறேன். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது சவர்க்காரத்துக்கே வழியில்லை, பற்பசையை யார் நினைத்தது. உமியைக் குவித்து, நடுவில் நெருப்புப் போட்டு, தணல் ஆறின பிறகு உரலில் இடித்து, பழைய சீலையில் சலித்து, உப்புக் கலந்து போத்தலில் அடைத்து வைப்போம். அது இல்லாத நாளில் ஓட்டுத்தூள், அடுப்புச் சாம்பல். என் அம்மா அறுபது வருடம் உமிக்கரியால்தான் தீட்டினார். கடைசிக் காலத்தில் அவருடைய முன்பற்களில் முரசு ஓரமாக வாய்க்கால் வெட்டினதுபோல் தேய்ந்திருந்தது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் முகத்தைச் சுளிப்பார், புளி சாப்பிட மாட்டார். விரலால் அழுத்தித் தேய்த்துத் தேய்த்துப் பல்லின் மேற்தோலே போய்விட்டது.

2009இல் செட்டிகுளம் முகாமில் இருந்தபோது நிவாரணப் பொதியில் ஒரு ரியூப் வந்தது. ஏழு பேருக்கு ஒன்று. நுனியிலிருந்து கட்டையால் உருட்டி உருட்டி எடுத்தோம். முடிந்த பிறகு பிளேட்டால் நெடுக வெட்டி, உள்ளே ஒட்டியிருந்ததைப் பிள்ளைகள் விரலால் வழித்தார்கள். ஒரு வேளைக்கு நெல்மணி அளவுதான் ஒரு பிள்ளைக்கு. அந்த அளவு பசையே பல்லுக்குப் போதும் என்று போன வருடம் கிளினிக்கில் பல் மிஸ் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. ஏனென்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

வேப்பங்குச்சியை நான் குறை சொல்ல மாட்டேன். நன்றாகச் சப்பி நுனியைப் பூப்போல ஆக்கினால் நல்லதுதான். ஆனால் நாலு வயதுப் பிள்ளையின் கையில் கொடுத்தால் முரசைக் குத்திக்கொள்ளும்.

பல் மிஸ் (முல்லைத்தீவு)

அப்பம்மா சொன்ன மிஸ் நானில்லை, ஆனால் அதே வேலைதான் செய்கிறேன். பாடசாலைப் பற்சிகிச்சையாளர். இந்த இழையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக முடியவில்லை, ஏனென்றால் என் கதிரைக்கு வருகிற பிள்ளைகளின் வாயில் நான் காண்பது ஈயத்தை அல்ல. சொத்தையும் மஞ்சள் பல்லும்தான்.

முதலில் சொத்தை. ஐந்து வயதில் பின்பற்கள் எல்லாம் வேர்வரை போய், கன்னம் வீங்கி, இரவு முழுக்க அழுது களைத்து வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஈயத்துக்குப் பயந்து புளோரைட்டுப் பற்பசையை அடியோடு நிறுத்தினால் அந்த வரிசை இன்னும் நீளும். ஆகவே தங்கச்சி, நிறுத்தாதீர்கள்.

இரண்டாவது, எங்கள் தண்ணீர். யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல் மேல் இருக்கிறது. வன்னியின் பெரும்பகுதி பழைய கரும்பாறை. அந்தப் பாறையில் இருக்கிற சில கனிமங்களிலிருந்து புளோரைட்டுக் கரைந்து நிலத்தடி நீருக்கு வருகிறது. வறண்ட வலயம் என்பதால் மழை வந்து அலசிக்கொண்டு போவதும் குறைவு. வவுனியா மாவட்டத்துக் கிணறுகள் பலவற்றில் லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கண்டிருக்கிறார்கள். அதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. வெப்பநாட்டில் நாங்கள் கூடுதலாகத் தண்ணீர் குடிக்கிறோம் என்பதால் இலங்கைத் தரம் 1.0 என்று இன்னும் இறுக்கமானது. ஒரு பிள்ளை 1.5 உள்ள தண்ணீரில் நாளுக்கு ஒரு லீற்றர் குடித்தால் 1.5 மில்லிகிராம் புளோரைட்டு. அதற்கு மேல் 1000 பி.பி.எம். பசை ஒரு கிராமை விழுங்கினால் இன்னொரு மில்லிகிராம். முரசுக்குள் நிரந்தரப் பல் உருவாகிக்கொண்டிருக்கும் வயது அது, எட்டு வயதுவரை. அந்தக் கூடுதல் புளோரைட்டுத்தான் பிறகு வெள்ளைத் திட்டாகவும், கூடினால் கபில நிறக் கறையாகவும் முளைக்கிறது. பதினான்கு வயதுப் பெண்பிள்ளைகள் கையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனம் பொறுக்கவில்லை. எந்தப் பற்பசையாலும் அந்தக் கறை போகாது. பல் தீட்டாததால் வந்தது என்று ஏசவும் கூடாது.

ஆகவே ஈயத்துக்கும் புளோரைட்டுக்கும் ஒரே மருந்துதான், அளவு. மூன்று வயதுக்குள் அரிசிமணி அளவு பூசினாற்போல். மூன்றிலிருந்து ஆறுவரை பட்டாணி அளவு, அதற்கு மேல் வேண்டாம். பசையைப் பெரியவர் போட வேண்டும், ரியூப் பிள்ளையின் கைக்குப் போகக் கூடாது. பிரஷின் மேல் குவியலாக வைக்காமல், தும்புக்குள் இறங்கும்படி விரலால் அழுத்திவிடுங்கள், நக்க வராது. சின்னவனை மடியில் மல்லாக்க வைத்து நீங்களே தீட்டுங்கள். துப்பப் பழக்குங்கள். இனிப்பு வாசம் இல்லாத பசை என்றால் விழுங்குகிற ஆசையும் குறையும்.

எஸ்.எல்.எஸ். நுரைப்பொருளால் புற்றுநோய் வரும் என்பது சரியில்லை. ஆனால் அடிக்கடி வாய்ப்புண் வருகிற சிலருக்கு அது ஒத்துக்கொள்வதில்லை, அவர்கள் அது இல்லாததைத் தேடலாம்.

புதுக்குடியிருப்புக் கடை

இருபது வருடமாகப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன், விற்கிறவன் பக்கத்தையும் கேளுங்கள்.

சந்தை நாளிலும் திருவிழாக் காலத்திலும் நிலத்தில் சாக்கு விரித்து "மூன்று ரியூப் இவ்வளவு" என்று கூவி விற்கிறார்களே, அதில் ஒன்றை வாங்கிப் பாருங்கள். எழுத்து எந்த மொழி என்றே தெரியாது. இறக்குமதி செய்தவர் பெயரும் முகவரியும் இல்லை, தொகுதி இலக்கம் இல்லை, முடிவுத் திகதி மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். என்னிடமும் ஒருவர் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்தார், பாதி விலை. நான் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் லாபம்தான். ஆனால் வாங்கப் போவது கூலிக்குப் போய்விட்டு வருகிற அக்காமார், அவர்களின் பிள்ளைகள்.

2007இல் பனாமாவில் நடந்ததைப் பத்திரிகையில் வாசித்த நாளிலிருந்து எனக்கு இந்தப் பயம் இருக்கிறது. அங்கே ஒருவர் கடையில் மலிவான பற்பசையை எடுத்து, சேர்மானங்களை வரி வரியாக வாசித்திருக்கிறார். டைஎதிலீன் கிளைக்கோல் என்று அதிலேயே அச்சடித்திருந்தது. கிளிசரின் போல இனிக்கும், அதைவிட மலிவு, சிறுநீரகத்தை அழித்துவிடும். அதற்கு முந்திய வருடம் அதே நாட்டில் இருமல் மருந்தில் அதே நஞ்சு கலந்து பலர் இறந்திருந்தார்கள், அதனால்தான் அவர் கண்ணில் அந்தப் பெயர் பட்டது. அவர் போய் முறையிட்டார். சீனாவிலிருந்து வந்த அந்தப் பசைகளைப் பற்றி அந்த ஜூனிலேயே அமெரிக்காவும் எச்சரிக்கை விட்டது. பட்டியலை வாசித்த ஒரே ஒரு ஆள், அவ்வளவுதான்.

முகவரி இல்லாத பொருளைக் கண்டால் 1977க்கு அடியுங்கள், பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம். அல்லது உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அடுத்த சந்தைக்கும் அதே சாக்கு விரியும்.

மல்லாவித் தம்பி

சரி, கட்டம் விடயத்தில் நான் பிழை, ஒப்புக்கொள்கிறேன். அந்த வட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட்டேன். ஆனால் ஒரு கேள்வி. ஆயுர்வேதப் பற்பொடி, சிவப்புப் பற்பொடி எல்லாம் மூலிகைதானே, அதில் உலோகம் எங்கிருந்து வரும்?

கனகராயன்குளம் வாத்தியார்

நல்ல கேள்வி தம்பி. செடி எங்கே வளர்ந்தது, எங்கே காய்ந்தது, எதில் அரைத்தார்கள், நிறத்துக்கு என்ன போட்டார்கள், இந்த நாலும் தெரியாமல் மூலிகை என்ற சொல் மட்டும் போதாது. சிவப்புக்குக் காவிமண் போடுகிறவர்கள் உண்டு. மண் என்றால் அதில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும். 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பொஸ்ரன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது 14இல் ஈயமோ பாதரசமோ ஆசெனிக்கோ இருந்தது. மீதி 56இல் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பரம்பரை அறிவைக் குறைவாகச் சொல்ல எனக்கு மனமில்லை, ஆனால் சோதித்த தாள் இல்லாமல் நான் பேரனுக்குக் கொடுக்க மாட்டேன்.

ஒரு பழைய கதையும் இருக்கிறது. 1892இல் அமெரிக்காவில் ஷெஃபீல்ட் என்ற பல்வைத்தியர் பற்பசையை மடங்கும் ரியூபில் அடைத்து விற்கத் தொடங்கினார். ரியூப் காலம் தொடங்கியபோது அது ஈயத்தாலும் வெள்ளீயத்தாலும் செய்யப்பட்டது. பசைக்குள் ஈயம் கலப்பதற்கு முன்பே உறையே ஈயமாக இருந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் அலுமினியமும் பிளாஸ்ரிக்கும் முழுதாக அந்த இடத்தைப் பிடித்தன. பழகிப்போன பொருள் என்பதால் அதை யாரும் சோதித்துப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

ஸ்காபரோ வன்னியான்

கனடாவிலிருந்து ஒரு செய்தி. அமெரிக்காவின் வாஷிங்ரன் மாநிலத்தில் 2025 தொடக்கத்திலிருந்து நடைமுறைக்கு வந்த அழகுசாதனச் சட்டம் ஈயத்துக்கு 1 பி.பி.எம். என்று எல்லை வைத்தது. வாத்தியார் சொன்ன 20உடன் ஒப்பிட்டுப் பாருங்கள். செய்ய முடியாதது என்று கம்பனிகள் சொன்னால் நம்பாதீர்கள். அந்த 51இலும் சிலவற்றில் ஒன்றுமே பிடிபடவில்லை.

2023இல் அமெரிக்காவில் அப்பிள் கூழ் குடித்த குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் ஏறியதே, அதில் கலந்த கறுவா இலங்கையிலிருந்து போனது. எங்கள் நாட்டுப் பெயர் அடிபட்டபோது வயிற்றைக் கலக்கியது. கடைசியில் பார்த்தால் இலங்கையிலிருந்து போன கறுவாப் பட்டையில் ஒன்றுமில்லை, எக்குவடோரில் தூளாக்கிய இடத்தில்தான் கலந்திருக்கிறது. பட்டையாக இருக்கும்வரை கண்ணுக்குத் தெரியும். தூளாகிவிட்டால் எதுவும் மறைந்துவிடும். பற்பொடிக்கும் அதே நியாயம்தான்.

கடற்கரை மகள்

முல்லைத்தீவிலிருந்து எழுதுகிறேன். ஈயம் என்று நீங்கள் எல்லோரும் பற்பசைக்குள் தேடும்போது எனக்கு எங்கள் வீட்டு முற்றம்தான் கண்ணுக்குள் வந்தது.

அப்பா வீச்சுவலைக்கு ஈயக்குண்டு தானே வார்ப்பார். பழைய பற்றரித் தகடு, கழித்துவிட்ட குண்டுகள், கிடைக்கிற துண்டு எல்லாவற்றையும் இரும்புச் சட்டியில் போட்டு மூன்று கல் அடுப்பில் உருக்குவார். முதலில் அழுக்கு மேலே மிதக்கும், கரண்டியால் ஒதுக்கினால் அடியில் கண்ணாடிபோல் பளபளக்கும். அதை ஈரமணலில் விரலால் போட்ட குழிக்குள் ஊற்றுவார். நாங்கள் சுற்றிக் குந்தியிருந்து பார்ப்போம். ஆறின குண்டை எடுத்து, ஓரத்தைப் பல்லால் கடித்து நெருக்கி வலையில் பூட்டுவோம். பல்லால்தான். பத்து வயதில் நானே கடித்திருக்கிறேன், அந்த மெல்லிய இனிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது. பிறகு அதே சட்டியைத் தேய்த்துக் கழுவிக் கச்சான் வறுப்பார்கள்.

இப்போது என் பிள்ளை அந்த முற்றத்தில்தான் தவழ்கிறாள். பற்பசையில் 0.25 மைக்கிரோகிராம் என்று வாத்தியார் எழுதியதை வாசித்துவிட்டு அந்த மணலைப் பார்த்தேன். ஐயா, அந்த மணலில் எவ்வளவு இருக்கும்?

கனகராயன்குளம் வாத்தியார்

மகள், நீங்கள் எழுதியது இந்த இழையில் வந்த எல்லாவற்றையும்விட முக்கியமானது. மணலில் எவ்வளவு என்று சோதிக்காமல் சொல்ல மாட்டேன், ஆனால் பற்பசையோடு ஒப்பிடவே முடியாத அளவு இருக்கலாம். உருக்கின இடத்து மேல்மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு ஈரமாக்கி வெட்டி எடுத்து, பிள்ளைகள் போகாத இடத்தில் புதைத்துவிட்டு, வெளியிலிருந்து நல்ல மண் போடுங்கள். உலர்ந்த மண்ணைக் கூட்டாதீர்கள், தூசு பறக்கும். அந்தச் சட்டியை இனிச் சமையலுக்கு எடுக்கவே வேண்டாம். பற்றரியை வீட்டில் உடைப்பதை அப்பாவிடம் சொல்லி நிறுத்துங்கள். அந்தப் புகையைச் சுவாசிக்கிற அவருக்கும் அது கேடு. வலைக்கு வேலை செய்த உடுப்பையும் கையையும் கழுவிவிட்டே பிள்ளையைத் தூக்கச் சொல்லுங்கள்.

உடல் ஈயத்தைக் கல்சியம் என்று ஏமாந்து எலும்பில் சேர்த்துக்கொள்கிறது. ஒரே அளவு உள்ளே போனாலும் சிறு பிள்ளையின் குடல் பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு உறிஞ்சும். இரும்பும் கல்சியமும் குறைந்த பிள்ளை இன்னும் கூட. அதனால் முருங்கையிலை, பால், முள்ளோடு நெத்தலி எல்லாம் பிள்ளையின் தட்டில் தவறாமல் இருக்கட்டும். வெறும் வயிற்றில் விளையாட விடாதீர்கள். பிள்ளையை ஒருமுறை குழந்தை வைத்தியரிடம் காட்டி, இந்த வார்ப்புக் கதையை அப்படியே சொல்லுங்கள். கேட்கப் பயப்பட வேண்டாம், உங்கள் மேல் பிழையில்லை.

நெடுங்கேணி அம்மா

மூன்று கிழமைக்குப் பிறகு வந்திருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி. கடற்கரைத் தங்கச்சியின் கதையை வாசித்துவிட்டு அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

நான் செய்தது இது. கரடி ரியூப் முடிந்தது, இனி வாங்கவில்லை. புதினா வாசம் உள்ள சாதாரணப் பசை, இறக்குமதியாளர் முகவரி, தொகுதி இலக்கம், தரமுத்திரை எல்லாம் பார்த்து வாங்கினேன். வட்டத்துக்குள் இருக்கிற எஸ்.எல்.எஸ். தான் முத்திரை என்று கடைக்காரப் பையனுக்கும் காட்டினேன். பட்டாணி அளவு போட்டு விரலால் அழுத்துகிறேன். முதல் இரண்டு நாள் சின்னவன் "உறைக்குது" என்று அழுதான். இப்போது துப்புகிறான். துப்புவதுதான் அவனுக்கு விளையாட்டு. வாழையடியில் நின்று எவ்வளவு தூரம் போகிறது என்று அக்காவோடு போட்டி.

கம்பனிக்கும் கடிதம் எழுதினேன். ஈயம், ஆசெனிக்கு எவ்வளவு என்ற ஆய்வு முடிவைத் தாருங்கள் என்று கேட்டேன். "எங்கள் பொருள் தரநிலைகளுக்கு அமைவானது" என்று ஒரு வரிப் பதில் வந்தது. எந்தத் தரநிலை, எத்தனை பி.பி.எம். என்று திருப்பி எழுதியிருக்கிறேன். நீங்களும் எழுதுங்கள். ஒரு நெடுங்கேணிப் பெண்ணின் கடிதத்தைத் தட்டிவிடலாம், நூறு கடிதம் போனால் யாராவது ஒருவர் எடுத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

கிணற்றுத் தண்ணீரையும் நீர் வழங்கல் சபை ஆய்வுகூடத்துக்குக் கொடுத்துச் சோதித்தோம். புளோரைட்டு 1.3 வந்திருக்கிறது. உலக எல்லைக்குள், எங்கள் நாட்டு எல்லைக்கு வெளியே. என்ன செய்வது மிஸ்? கொதிக்க வைத்துக் கொடுத்தால் சரியா?

பல் மிஸ் (முல்லைத்தீவு)

கொதிக்க வைத்தால் கிருமி சாகும், புளோரைட்டுப் போகாது. தண்ணீர் வற்றுவதால் கொஞ்சம் கூடவே செய்யும். பக்கத்தில் ஆர்.ஓ. சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் குடிக்கவும் பிள்ளைகளின் பால்மா கரைக்கவும் அதிலிருந்து எடுங்கள். குளிக்க, தோய்க்க, பயிருக்கு விட உங்கள் கிணறு போதும். கலனை மாதத்துக்கு ஒருமுறை நன்றாகக் கழுவுங்கள். மாரியில் நல்ல மழை தொடங்கிக் கூரை கழுவுப்பட்ட பிறகு, மழைத் தண்ணீரைத் தாங்கியில் பிடித்து மூடி வைத்தாலும் நல்லது.

பற்பசை இப்போது போடுகிற அளவிலேயே போகட்டும். சின்னவனுக்கு ஆறு வயது தாண்டி முன்பல் விழத் தொடங்கினால் ஒருமுறை கூட்டிக்கொண்டு வாருங்கள், புதிதாக முளைக்கிறதைப் பார்ப்போம். வாழையடியில் துப்பட்டும், பரவாயில்லை.